நவோமியின் நான்கு வரிகள்

"அந்த மனிசனுக்குக் கொஞ்சமும் இரக்கம் இல்லையோ, றோஸ்மலர்?"

சமையலறைக் கதவைக் கொஞ்சம் திறந்துவைத்துக்கொண்டு, கூட வேலைசெய்பவளிடம் சிவகௌரி கேட்டாள். மனிசன் என்று அவள் சொன்னது யூத மதகுருவான தலைமையாசிரியர் ரபை ஹாஃப்னரை.

ஹெண்டனில் இருந்த அந்த யூதப் பள்ளிக்கூடத்தில் அன்று ஆண்டு இறுதி விழா. 1992, ஜூலை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் வேதத்தின் முதல் புத்தகத்தை எபிரேய மொழியிலேயே படித்து முடிக்கிறார்கள். மண்டபம் நிறையப் பெற்றோர். ஒவ்வொரு பிள்ளையாக மேடைக்கு வந்து ஒரு பகுதியை வாசித்துவிட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போனது.

கடைசியாக வந்தவள் நவோமி. பதினொரு வயது. அவளுக்குப் பேச்சுத் திக்கும்.

சிவகௌரிக்கு அது நன்றாகத் தெரியும். ஆறு வருஷமாக இங்கே சாப்பாடு பரிமாறுகிறாள். மற்றப் பிள்ளைகள் வாயால் கேட்பதை நவோமி விரலால் காட்டுவாள். சிவகௌரி அந்த விரலுக்கும் வேலை வைப்பதில்லை. பிள்ளை வரிசையில் வரும்போதே உருளைக்கிழங்கை இரண்டு கரண்டி கூடவே போட்டுவிடுவாள்.

அவளுடைய மகள் அபிராமிக்கும் அதே வியாதிதான். வருகிற சனிக்கிழமை ரெய்னர்ஸ் லேன் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழா. நன்றியுரை யார் சொல்வது என்று யோகலிங்கம் மாஸ்டர் கேட்டபோது, கையைத் தூக்கியது அபிராமிதானாம். சிவகௌரிக்குப் பதறிவிட்டது. நாலு சனம் என் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்க விடமாட்டேன் என்று நேற்றுத்தான் மாஸ்டருக்குச் சொல்லிப் பெயரை வெட்டுவித்தாள். அபிராமி எழுதி வைத்திருந்த தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். பிள்ளைக்கு நிம்மதி என்று தாய் நினைத்துக்கொண்டாள்.

மேடையில் நவோமிக்கு முதல் சொல்லே வரவில்லை.

கழுத்து நரம்பு புடைத்தது. முன்வரிசையில் இருந்த தகப்பன் தலையைக் குனிந்துகொண்டார். யாரோ செருமினார்கள். பக்கத்தில் நின்ற ரபையோ கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு எழுத்தாவது எடுத்துக் கொடுக்கவேண்டுமே, இல்லை.

"பிள்ளை படுற பாட்டைப் பாக்க ஏலாது. நான் கேக்கைக் கொண்டுபோறன். சனத்தின்ர கண் அதிலை போகட்டும்," என்றாள் சிவகௌரி.

"போகாதேங்கோ அக்கா. முடிஞ்சாப்பிறகுதான் சாப்பாடு எண்டு ரபை சொன்னவர்."

இந்தச் சமையலறையில் பாலும் இறைச்சியும் கலக்கக்கூடாது; பாலுக்கு நீலத் தட்டு, இறைச்சிக்குச் சிவப்புத் தட்டு. ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட மாற்றி எடுக்காதவள், ஒரு சட்டமும் மீறாதவள், அன்று கேக் இருந்த நீலத் தட்டைத் தூக்கிக்கொண்டு நேரே மண்டபத்துக்குள் போய்விட்டாள்.

நினைத்தபடியே எல்லாத் தலையும் திரும்பியது. நவோமியும் பார்த்தாள்.

பார்த்தவள் கையைத் தூக்கினாள். உள்ளங்கையை விரித்து, நில் என்று காட்டினாள்.

சிவகௌரி தட்டும் கையுமாக நடுவழியில் நின்றுவிட்டாள்.

நவோமி திரும்பவும் புத்தகத்தைப் பார்த்தாள். ஒரு சொல் வந்தது. நெடுநேரம் கழித்து இன்னொன்று. இருந்தது நான்கே வரி. அதற்கு ஐந்து நிமிஷம் பிடித்தது. அத்தனை நேரமும் அத்தனை பேரும் மூச்சுக் காட்டாமல் இருந்தார்கள். சிறு பிள்ளைகள்கூடக் கேக்கைப் பார்க்கவில்லை.

கடைசிச் சொல் விழுந்ததும் மண்டபமே எழுந்து நின்று ஒரே குரலில் ஏதோ சொன்னது. தகப்பன் எல்லோருக்கும் முன்னால் அழுதார். கூட்டாளிப் பெண்கள் நவோமியைச் சுற்றிக் கைகோத்து ஆடினார்கள்.

ரபை சமையலறைக்கு வந்தபோது, ஏச்சு விழுமுன் தானே ஏசிவிடுவோம் என்று சிவகௌரி முந்திக்கொண்டாள். அந்தச் சின்னப் பிள்ளையை ஏன் அப்படி வதைத்தீர்கள், சேர், என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டாள்.

ரபைக்குக் கோபம் வரவில்லை. புத்தகம் முடிக்கும்போது கடைசிச் சில வரிகளை விழாவுக்கென்று மிச்சம் வைப்பது தங்கள் வழக்கம் என்றார். அதை வாசிப்பவர் பெயரில்தான் முழுப் புத்தகமும் முடிந்ததாகும். எல்லோரும் ஆசைப்படுகிற இடம் அது.

"போன செப்டெம்பரில் நவோமி என் அறைக்கு வந்து அந்த வரிகளைக் கேட்டாள். கேட்டு முடிக்கவே பத்து நிமிஷம் ஆனது. யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது என்றும் சொன்னாள். கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எனக்கு லேசாக இருக்கவில்லை, அம்மா."

"எல்லாரும் எழும்பி என்ன சொன்னவை?"

"ஒவ்வொரு புத்தகம் முடியும்போதும் சொல்வது. உறுதியாயிரு, உறுதியாயிரு, ஒருவரையொருவர் உறுதிப்படுத்துவோம்."

அவர் போனபிறகு சிவகௌரி ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. நாலாக மடித்த அந்தத் தாள்தான் கண்ணுக்குள் நின்றது. நவோமி தூக்கிய கையும், அபிராமி தூக்கிய கையும் அவளுக்கு ஒன்றாகவே தெரிந்தன. வெட்கமாக இருந்தது.

நடைக்கூடத்துச் சுவரில் இருந்த போனில் காசைப் போட்டு யோகலிங்கம் மாஸ்டரைப் பிடித்தாள்.

"மாஸ்டர், பிள்ளையைக் கேக்காமலே பேரை வெட்டுவிச்சுப்போட்டன். திரும்பப் போடுங்கோ. எவ்வளவு நேரம் எடுத்தாலும் ஒருத்தரும் எடுத்துக் குடுக்கக் கூடாது."

மாஸ்டர் தயங்கினார். நன்றியுரை நேரம் சனம் இருக்காது, வடையும் தேத்தண்ணியும் எங்கே என்று எழும்பிவிடும் என்றார்.

"எழும்பாது, மாஸ்டர். அவ சொல்லி முடிக்கும் வரைக்கும் வடைத்தட்டு உள்ளுக்கு வராது. கதவடியிலை நான் நிக்கிறன்."