நண்பகல் வரிசை

லாரி கிளம்பும் நேரத்தில்தான் தர்சோ அந்த வரிசையைப் பார்த்தான். சர்க்கஸ் கூடாரத்தின் வாசலில் தொடங்கி, சாலையைத் தாண்டி, பள்ளிவாசல் மதில்வரை ஆட்கள் நின்றிருந்தார்கள்.

"லஸ்த்ரி, இறங்குடி! கூட்டத்தைப் பாரு!" என்று கத்திக்கொண்டே தகரப் பெட்டியோடு கீழே குதித்தான்.

தர்சோ அந்த சர்க்கஸின் கோமாளி. லஸ்த்ரி அவன் மனைவி, கம்பிமேல் நடப்பவள். லாரி ஓட்டி வந்த வகிமான் அவளுடைய அண்ணன். சுரபாயா பட்டணத்தில் ஒரு அரிசிக் கிடங்கில் தங்கை புருஷனுக்குக் காவல்காரன் வேலை பிடித்து, கையோடு கூட்டிப்போக வந்திருந்தான்.

ரூபியா பணத்தின் மதிப்பு விழுந்ததிலிருந்து, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான் அந்த சர்க்கஸ். யானை போய், குதிரை போய், பாண்டு வாத்தியமும் போய், ஒரு குரங்கும் பதினோரு பேரும்தான் மிச்சம். காலையிலும் மரவள்ளி, இரவிலும் மரவள்ளி.

கெடிரி என்ற இந்த ஊருக்கு வந்தும் விடியவில்லை. நேற்றைய ஆட்டத்துக்கு வந்தவர்கள் இருபத்துமூன்று பேர். அதிலும் ஒன்பது பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். முதலாளி யாரோடும் பேசாமல் பட்டினியாகப் படுத்தார். விடிந்ததும் சைக்கிளில் ஊருக்குள் போனவர் இன்னும் திரும்பவில்லை.

"மாப்ளே, சாயங்காலத்துக்குள்ள போய் நிக்கலன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க. அந்த வேலைக்கு நாப்பது பேரு நாக்கைத் தொங்கப்போட்டுட்டு நிக்கிறான்" என்றான் வகிமான்.

"நிக்கட்டும் மச்சான். இங்க முந்நூறு பேரு எனக்காக நிக்கிறான்! ஏழு மணி ஆட்டத்துக்குப் பன்னண்டு மணிக்கே வந்துட்டானே!"

"உங்களுக்காகவா? கம்பியில நடக்கிறவ நானு!" லஸ்த்ரி லாரியை விட்டு அசையவில்லை. "ஒரே ஊர்ல, ஒரே அடுப்புல சோறு பொங்கணும்னு எத்தனை வருஷமா கேக்கறேன்? பேசாம ஏறுங்க."

"இன்னிக்கு ஒரு நாள் நெறஞ்சா போதும்டி. அந்தப் பேச்சு ஊரெல்லாம் பரவிடும். அப்புறம் முதலாளி எதுக்குக் கடையைக் கட்டறாரு?"

"வரிசையில ஒரு பிள்ளைகூட இல்லையே?"

"பிள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டு வரும். அப்பன் இடம் பிடிச்சு நிக்கிறான். முதல் ஆளைப் பாரு, வந்த அன்னிக்கு நமக்குக் கம்பம் நட்டுக் குடுத்த கூலியாளு! அவனே டிக்கெட் எடுக்க வந்துட்டான்னா பாத்துக்கயேன்."

லஸ்த்ரி வரிசையைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். அந்த முகத்தில் இப்படி ஒரு சிரிப்பைப் பார்த்து எட்டு மாதமாகியிருந்தது. ஊரையே சிரிக்க வைக்கிறவன் தன் வீட்டில் சிரிக்காமல் இருந்தது அவளுக்குப் பெரிய வேதனை. இறங்கிவிட்டாள்.

வகிமானுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கெட்டும் பட்டணம் சேர்னு சொல்லுவாங்க. நீங்க வந்த பட்டணத்தை எட்டி உதைக்கிறீங்க. நாளைக்கு என்னைக் கேக்கக் கூடாது!"

"போய்ட்டு வாங்க மச்சான். அடுத்த தடவை வர்றப்ப முதல் வரிசை நாற்காலி உங்களுக்குத்தான்!"

லாரி போய்விட்டது. அதன் சத்தம் அடங்குவதற்குள் தர்சோ முகத்துக்கு வெள்ளை பூசி, சிவப்பு மூக்கை மாட்டிக்கொண்டான். லஸ்த்ரி மடித்து வைத்த ஜரிகை உடுப்பை எடுத்து உதறி வெயிலில் போட்டாள். அவளையறியாமல் ஏதோ ஒரு பாட்டு வாயில் வந்தது.

தர்சோ மூன்று குட்டிக்கரணம் அடித்து, வரிசையின் முன்னால் போய் விழுந்து எழுந்தான். யாரும் சிரிக்கவில்லை. ஆட்டம் தொடங்கட்டும் என்று நினைத்துக்கொண்டான்.

"வாங்கய்யா, வாங்க! நம்ம ஆட்டத்து மேல அவ்வளவு ஆசையா? வெயில்ல காயாதீங்க, இப்பவே டிக்கெட் குடுக்கச் சொல்றேன்!"

முதல் ஆள் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சங்கடமாக அவனைப் பார்த்தான்.

"டிக்கெட் எதுக்குண்ணே? கூடாரத்தைப் பிரிக்க ஆள் வேணும்னு உங்க முதலாளி காலையில சந்தையில சொல்லிட்டுப் போனாரு, அதுக்கு வந்திருக்கோம்."