அழகியநம்பி, சதுரங்க மாஸ்டர்

தபால் கார்டில் காய் நகர்த்தலை எழுதி அனுப்பிச் சதுரங்கம் ஆடுபவர்களின் பம்பாய்ச் சங்கம் அழகியநம்பிக்கு மாஸ்டர் பட்டம் கொடுத்திருந்தது. பத்திரிகையில் அதைப் படித்துவிட்டு, திருவனந்தபுரம் சதுரங்க மன்றச் செயலாளர் ஞானையன் ஆரியசாலையிலிருந்த அழகியநம்பியின் வீட்டுக்கு வந்தார். மனைவி உலகம்மை கதவைத் திறந்தாள்.

"எங்க மன்றமும் பட்டம் தரும், அம்மா. ஆனா தபால் ஆட்டம் எங்களுக்குச் செல்லாது. சார் நேர்ல வந்து உக்காந்து பத்து ஆட்டம் ஆடணும்."

"நேர்ல வந்து உக்காரணும்னுதான் எனக்கும் ஆசை. அவிய தவறிப் போயி மூணு வருஷமாச்சு."

ஞானையன் திடுக்கிட்டார். "அப்போ இத்தனை நாளா ஆடினது யாரு?"

"நாந்தான். அவிய ஆடும்போது பாத்துப் படிச்சது."

"உங்க பேர்லயே ஆடியிருக்கலாமே! பட்டம் உங்களுக்கே வந்திருக்கும்."

"எனக்குப் பட்டம் எதுக்கு? கார்டு வந்தா தபால்காரர் வாசல்ல நின்னு அவிய பேரைச் சொல்லிக் கூப்பிடுவாரு. இந்த வீட்டுல அந்தப் பேரைச் சொல்ல வேற யாரு இருக்கா?"