நான்கு கண்ணாடிகள்

பனிநாட்டுக் காட்டு மரத்தடிகளோடு கப்பலில் எண்ணூர் துறைமுகத்துக்கு வந்த ஒரு கிளையில், பூச்சி தங்கியதால் உண்டான புடைப்புக்குள், கொசுவைவிடச் சிறிய ஈ செத்துக் கிடந்தது. புது இனம், ஒன்றே ஒன்று. ஆய்வுக் கட்டுரையில் விவரித்து எழுதுவதற்காகப் பூச்சியியலாளர் ஹெப்சிபா அதைத் தலை, மார்பு, சிறகு, வயிறு என்று வெட்டி, நான்கு மெல்லிய கண்ணாடிகளின் கீழ் பிசினில் பதித்தாள். உணர்கொம்பில் பதினான்கு கணுக்கள்.

மறுநாள் மூன்று கண்ணாடிகளின் கீழ் ஒன்றுமில்லை. நான்காவதில் ஈ முழுதாக இருந்தது. கணுக்கள் பதினைந்து. மறுபடி வெட்டினாள்.

இன்றும் முழு ஈ. பதினாறு.

"நேத்தும் இத்த தான மேடம் வெட்டிகினு இருந்தீங்க?" என்றார் உதவியாளர் ஜெரி.

"முந்தாநேத்தும்."

"வுட்டுடுங்க மேடம். அதுக்கு இஷ்டம் இல்ல போல கீது."

கட்டுரையை இன்றைக்குள் அனுப்பியாக வேண்டும். பிசினைக் கரைத்து, பிளேடை அருகில் கொண்டுபோனாள்.

ஈ கால்களை மடக்கிக்கொண்டது.