இரண்டு கட்டங்களில் ஒன்று

காளிதாஸ் ஆறிப்போன கோப்பியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, லண்டனிலிருந்து வந்திருந்த விண்ணப்பப் பாரத்தை மறுபடி விரித்தான்.

அஞ்சல்வழிப் படிப்பு. இரண்டு கட்டங்கள். ஒன்றில்தான் குறியிட வேண்டும்.

மேல் கட்டம் ஆடிட்டர். ஐந்து வருடம். தேறினால் மலாக்கா டவுனில் சொந்தமாகப் பலகை மாட்டலாம்.

கீழ்க் கட்டம் காஸ்ட் அக்கவுண்டன்ட். மூன்றே வருடம். தேறினால் இதே ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணி, தலைமைக் கணக்கர். தோட்டத்து வெள்ளைக்காரத் துரையே வாக்குக் கொடுத்திருந்தார்.

“மூணு வருசம் கண்ணு முழிச்சிப் படிச்சிட்டு, மறுபடி அந்தாளு முன்னால கைகட்டி நிக்கவா? அதுக்குப் பால்வாளி தூக்கலாம்லா!” என்றாள் அவன் மனைவி ராமாத்தாள்.

“அஞ்சு வருசம் வெறுங்கஞ்சி குடிப்பியா நீ?”

கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் சைக்கிளை எடுத்தான். அவளும் வாசல்வரை போகவில்லை.

ஆதாரம் குத்தாமல் ஒரு தாளையும் மேசையில் வைக்காத கிராணி அவன். பாரத்தில் துரையின் கையெழுத்து வேண்டும். பெயருக்கும் வயதுக்கும் ஆதாரமாகத் தன் அடையாள அட்டையையே குண்டூசியால் குத்தி, ஆபீசில் துரையிடம் நீட்டினான்.

நாளைக்குப் போடுகிறேன் என்று துரை அதை இழுப்பறைக்குள் தள்ளினார். பத்து மணிக்கு அவனையே ஜாசின் தபாலாபீசுக்கு அனுப்பினார்.

அட்டையைக் கேட்டானாம். என் சீட்டு போதும் என்றாராம் துரை. ஆபீஸ் பியூன் முனியாண்டி பிறகுதான் சொன்னான்.

அது 1951, கம்யூனிஸ்டுகளைப் பட்டாளம் வேட்டையாடிய அவசரகாலம். அட்டை இல்லாதவன் தோட்டத்து முள்வேலிக்கு வெளியே மனிதனே இல்லை.

சாலை வளைவில் பட்டாளத்தார் மறித்தார்கள். துரையின் சீட்டை எடுக்கச் சட்டைப்பைக்குள் கையை விட்டான்.

சுட்டுவிட்டார்கள்.

மூன்றாம் நாள் துரை காரில் வந்தார். என்ஜினை நிறுத்தவில்லை. தொப்பியைக் கழற்றவில்லை. ஓர் உறையை ராமாத்தாள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அதை அந்த முகத்திலேயே விட்டெறிந்திருக்க வேண்டும் என்று முப்பது வருடமாக ராமாத்தாள் பல்லைக் கடிக்கிறாள். எறிந்திருந்தால் உள்ளே இருந்ததைப் பார்த்திருக்கமாட்டாள்.

பாரம். அதில் குத்தியபடியே அட்டை.

மேல் கட்டத்தில் காளிதாஸின் நீல மைக் குறி.

அதன்மேல் குறுக்காகச் சிவப்புக் கோடு. கீழ்க் கட்டத்தில் சிவப்பு மையில் ஒரு குறி. அந்த ஆபீசில் சிவப்பு மை துரைக்கு மட்டும்தான்.

குண்டூசி எப்போதோ துருப்பிடித்துவிட்டது. துரை கையெழுத்துப் போடவேண்டிய இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.