முழு இறகு

ஓடையோரம் ஒரு தூண்டில் முள் இருந்தது. பாறைக்கடியில் கிடக்கும் அந்தப் பெரிய டிரவுட் மீனைப் பிடித்தே தீரவேண்டும் என்பது அதன் வெறி. வெறும் முள்ளை மீன் சீண்டாதே! பூச்சி வேஷம் கட்டிக்கொள்ள, கௌதாரி இறகையும் பட்டு நூலையும் கூப்பிட்டது.

"இறகை உங்க மேல ஒரு சுத்துச் சுத்தினாப் போதும்ணே," என்றது நூல்.

"யாருகிட்ட அளக்குறே? முழு இறகையும் வாங்காம விட்டா நான் முள்ளே இல்லை. சுத்து!"

"நெருக்கிச் சுத்தினா அசைய இடமிருக்காதுண்ணே," என்றது இறகு. "என் இழையெல்லாம் பூச்சிக்கால் மாதிரி தண்ணியில விரிஞ்சு சுருங்கினாத்தான் மீனுக்கு உசிருள்ள பூச்சியாத் தெரியும்."

"பிசினாரி! கொடுக்க மனசில்லைன்னு சொல்லு."

நூல் இறகைக் கடைசி இழை வரை இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டது. முள் கொழுகொழுவென்று தண்ணீரில் இறங்கியது.

டிரவுட் வந்தது. மூக்கு உரசும் தூரத்தில் நின்று பார்த்தது.

"துடைப்பக்கட்டை," என்று சொல்லிவிட்டுத் திரும்பியது.

முள் பதறிப்போய், "தம்பி, கொஞ்சம் அசைடா!" என்று இறகிடம் கெஞ்சியது.

"எங்கேண்ணே அசைய? என் மேலேயே நான் உக்காந்திருக்கேன்."

"நூலு, ரெண்டு சுத்தாவது அவிழ்த்து விடும்மா."

"இனிமே அவிழ்த்தா இறகு பிஞ்சிரும்ணே."



சற்றுத் தள்ளி, ஓடையோடு வந்த ஒரு நிஜப் பூச்சியை டிரவுட் லபக்கென்று விழுங்கியது. விழுங்குமுன் முள் அதை நன்றாகப் பார்த்துவிட்டது. அந்தப் பூச்சிக்கு மொத்தமே ஆறு கால்தான் இருந்தது.