மூன்றாவது பள்ளிச் செய்தி

தை மாதப் பனி மைதானத்தை முழுதாக மூடியிருந்தது. திங்கட்கிழமை காலை இறைவணக்கத்தில் பள்ளிச் செய்திகளை எழுதி வாசிப்பது அந்த வாரம் யாழரசியின் முறை. கொடிக்கம்பத்தின் அருகே மைக்கின் முன்னால் நின்றாள். எதிரே வரிசைகள் தெரியவில்லை, இருமல்கள் மட்டும் கேட்டன.

ஒவ்வொரு செய்திக்கும் கை தட்டுவது அந்தப் பள்ளியின் வழக்கம். கபடியில் நம் அணி வென்றது என்று வாசித்தாள். தட்டினார்கள். ஆய்வகத்துக்கு இரண்டு நுண்ணோக்கிகள் வந்திருக்கின்றன என்றாள். அதற்கும் தட்டினார்கள்.

"பத்தாம் வகுப்பு ஆ பிரிவு மாணவி செ. யாழரசிக்கு வரும் வெள்ளிக்கிழமை திருமணம். அதன் பிறகு அவர் பள்ளிக்கு வரமாட்டார்."

பனிக்குள்ளிருந்து அதே அளவு கைதட்டல் வந்தது. பக்கத்தில் மஃப்ளரால் காதை இறுக்கிச் சுற்றியிருந்த தலைமையாசிரியையும் தட்டினார்.

"மிச்சத்தையும் சட்டுனு படி புள்ள, குளுரு தாங்கல."

"அவ்வளவுதான் டீச்சர்."

தாளை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வழக்கப்படி யாழரசியும் தட்டினாள். விரல்கள் மரத்துப்போயிருந்தன. ஒரு கை இன்னொரு கையில் படுவது தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது.