கண்ணாடியில் நிற்கும் கால்கள்

என் இளைய மகள் நுஸ்ரத்தைத் தன் மகனுக்குப் பெண் கேட்டு வந்திருக்கும் றஊப் ஹாஜியார், தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். "காக்கா, ஒங்கட மூத்தவ கம்பஸில பல்லிக்குப் படிப்பிக்கிறாவாமே?" அஸர் தொழுகை நேரத்துப் பின்னேர வெயில் யன்னல் கண்ணாடியில் சாய்ந்து விழுகிறது. வெளிப்பக்கம் ஒட்டி நிற்கும் பல்லியின் விரலடி மடிப்புகளை, பேராசிரியையான என் மூத்த மகள் ஸுஹைறா உள்ளிருந்து பூதக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "பல்லிக்கில்ல சாச்சா, பல்லிட காலப் பத்திப் புள்ளயளுக்கு. பசையே இல்லாம ஒட்டுது. தலைமயிரவிட மெல்லிசான இழை லட்சக்கணக்கில இரிக்கி" என்கிறாள், திரும்பாமலே. பல்லியை அடித்துக் கொன்றால் நன்மை கிடைக்கும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஹாஜியார் வாசலில் இறங்கித் தன் செருப்பொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு யன்னலை நெருங்குகிறார். "மூத்தவ இந்த வேலய உட்டாத்தான் காக்கா கலியாணம் கதைக்கலாம்." கதவுக்குப் பின்னால் நுஸ்ரத்தின் வளையல் சத்தம் நின்றுபோகிறது. நான் எழும்பி வெளியே போகிறேன். "எண்ட மகள்ற வேலைக்கு மேல இந்த வாசல்ல ஒருத்தரும் செருப்புத் தூக்கினதில்ல, ஹாஜியார்." அதை அவர் கையிலிருந்து வாங்கி, மற்றச் செருப்புக்குப் பக்கத்தில், தெருவைப் பார்த்து வைக்கிறேன். உள்ளே நுஸ்ரத் வந்து, அவர் பாதி குடித்த கோப்பையை எடுத்துக்கொண்டு போகிறாள்.